மொக்கைக் கத்தியும் 127 மணி நேரமும்!

ஆண் பிள்ளைகளில் இரண்டே ரகம்தான். காட்டுக் கத்தி ஒன்றை வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். வாரத்தில் சந்திக்கிற அதிகபட்ச ஆபத்தே மேனேஜரின் திங்கட்கிழமை மீட்டிங்தான் என்று இருக்கிற ஆசாமிக்குக்கூட, பின்பக்கம் ரம்பப் பல், கைப்பிடியில் திசைகாட்டி, இடுப்பில் மாட்ட உறை என்று ஒரு கத்தியைப் பார்த்தால் மனசு லேசாகத் துள்ளும்.

'எதுக்குடா இந்தக் கண்றாவி?'

'இருக்கட்டும்மா... ஒரு சேஃப்டிக்கு.'

அடுத்த வாரம் அம்மா அதை வைத்துத் தேங்காய் கீறிக்கொண்டிருப்பாள். சொல்லப்போனால், அந்தக் கத்திக்கு அதுதான் உருப்படியான முதல் வேலை.

இந்த வியாதியை ஊர் ஊராகப் பரப்பியதில் சில்வஸ்டர் ஸ்டாலனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' ஞாபகம் இருக்கிறதா? போலீஸ் துரத்த, ராம்போ காட்டுக்குள் ஓடுவார். கையில் அந்தக் கத்தி. அதை வடிவமைத்துக் கொடுத்தவர் ஜிம்மி லைல் என்கிற அமெரிக்கக் கத்திக் கலைஞர். கைப்பிடியின் உள்ளே காலி. மூடியைத் திருகினால் திசைகாட்டி. உள்ளே தீக்குச்சி, நூல், தூண்டில் சாமான்கள். படம் ஓடின ஓட்டத்தில் அதே மாதிரி மலிவு நகல்கள் உலகம் முழுக்க வந்து குவிந்தன. அதில் ஒரு சின்னச் சிக்கல். கைப்பிடி காலி என்றால், கத்தியின் எஃகு அதற்குள் நீளமாகப் போக முடியாது. விளிம்பிலேயே எப்படியோ ஒட்டவைக்க வேண்டும். விறகைப் பிளக்க நாலு தட்டு தட்டினால் பிடி உங்கள் கையில் இருக்கும், கத்தி விறகில் இருக்கும்.

காட்டில் பிழைப்பதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடுப்பில் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஸ்வீடனில் மோரா என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கத்திகளுக்கு உலகம் முழுக்க மவுசு. பத்து சென்டிமீட்டர் சுமாருக்கு ஒரு சாதாரண அலகு, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ பிடி, பிளாஸ்டிக் உறை. ரம்பமும் கிடையாது, திசைகாட்டியும் கிடையாது. நம்ம வீட்டு சமையலறையில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விலையும் அந்த லட்சணத்தில்தான்.

கடைக்காரர் 'ஃபுல் டேங் ஸார்!' என்று ஒரு மந்திரம் சொல்வார். அதாவது, எஃகு ஒரே துண்டாகக் கைப்பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். நல்ல விஷயம்தான், உறுதியானதுதான். ஆனால் பழைய மோரா கத்திகளில் பலவற்றுக்கு எஃகு பிடியின் பாதி முக்கால் தூரம்தான் போகும். அதை வைத்துக்கொண்டே அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். டேங்கைவிட முக்கியம் கூர். மழுங்கின கத்திதான் ஆபத்தானது. அது வெட்டாது, நீங்கள் பலம் கொடுத்து அழுத்துவீர்கள், அது சறுக்கும், சறுக்கி நேராக உங்கள் இன்னொரு கைக்கு வரும். காட்டில் ஒரு வெட்டுக்காயம் என்பது ஆபீஸில் 'பிளாஸ்திரி எங்கேப்பா' என்று கேட்கிற சமாசாரம் இல்லை.

இதில் நமக்கெல்லாம் சீனியர் ஒருவர் இருக்கிறார். 1991-ல் ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து கிடைத்த மனிதர். ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். வயது சுமார் 5,300 வருஷம்! அவரிடம் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? தாமிரக் கோடாலி ஒன்று. பிடியோடு சேர்த்தே பதிமூன்று சென்டிமீட்டர்தான் என்கிற ஒரு குட்டிக் கல் கத்தி, அதற்கு நார் உறை. மரப்பட்டைப் பெட்டியில், இலைகளில் சுற்றிய கரித்துண்டுகள். அதாவது நெருப்பைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்! அப்புறம் ஒரு மரக்குச்சி, அதன் நுனியில் மான் கொம்பு. எதற்கு? கல் கத்திக்குக் கூர் ஏற்ற. 5,300 வருஷத்துக்கு முன்னாலேயே மனுஷன் சாணையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நாம் பெட்டியைப் பிரித்த கையோடு இன்ஸ்டாகிராமுக்கு போட்டோ எடுக்கிறோம்.

(பாவம், அவ்வளவு ஜாக்கிரதைசாலி செத்தது குளிரிலோ பசியிலோ இல்லை. பின்னாலிருந்து யாரோ விட்ட அம்பு, இடது தோளில். அதற்கெல்லாம் கத்தி உதவாது.)

சரி, விஷயத்துக்கு வருவோம். கத்தி உதவின கதை ஒன்று உண்டு. ஆனால் அதைக் கேட்டபிறகு நீங்கள் கத்தி வாங்கப் போவீர்களா என்பது சந்தேகம்.

2003-ம் வருஷம், ஏப்ரல் 26, சனிக்கிழமை. ஆரன் ரால்ஸ்டன், வயசு 27. இன்டெல் கம்பெனியில் இன்ஜினீயர் வேலை பார்த்தவர். மலை ஏறுவதற்காகவே அதை உதறிவிட்டு வந்த பேர்வழி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் புளூஜான் கேன்யன் என்று ஒரு பாறைப் பிளவு. சில இடங்களில் இரண்டு பக்கச் சுவரையும் ஒரே ஆள் தொடலாம், அவ்வளவு குறுகல். தனியாகப் போகிறார். எங்கே போகிறேன் என்று ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் இல்லை, கூடத் தங்கியிருக்கிறவர்களிடம் இல்லை. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இறங்கும்போது, பிளவில் சிக்கி நின்ற ஒரு பாறை நகர்ந்தது. சுமார் 360 கிலோ. வலது கையை நசுக்கி, சுவரோடு சேர்த்து வைத்துவிட்டது.

கையிருப்பு என்ன? சுமார் 350 மில்லி தண்ணீர். சப்பாத்தி ரோல் மாதிரி சுற்றித் தின்கிற பரிட்டோ இரண்டு. கயிறு. வீடியோ கேமரா. அப்புறம் ஒரு மல்டி டூல். கத்தி, இடுக்கி எல்லாம் மடக்கி வைத்திருக்குமே, அது. அதன் தரத்தைப் பற்றி ரால்ஸ்டனே பின்னால் கிண்டலடித்திருக்கிறார், பதினைந்து டாலர் டார்ச் வாங்கினால் இலவசமாகக் கொடுக்கிற ஜாதி என்று.

முதல் நாள் அவர் செய்ததைத்தான் நீங்களும் நானும் செய்திருப்போம். இழுத்தார், தள்ளினார், கத்தினார். அப்புறம் கத்தியால் பாறையைக் கொத்த ஆரம்பித்தார். மணிக்கணக்கில் கொத்தியும் பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை, கத்திதான் மழுங்கியது. கயிற்றை மேலே மாட்டிக் கப்பி மாதிரி கட்டி இழுத்துப் பார்த்தார். இன்ஜினீயர் மூளை! அசையவில்லை. கையை வெட்டிவிடலாமா என்ற யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. வெட்டியும் பார்த்தார். மழுங்கின கத்தி, தோலையே ஒழுங்காக அறுக்கவில்லை. நாலாம் நாள் வேறு ஒரு உண்மை உறைத்தது. தோலையும் சதையையும் எப்படியோ அறுத்துவிட்டாலும், உள்ளே இரண்டு எலும்பு இருக்கிறதே? இந்த இலவசக் கத்தி எலும்பை அறுக்குமா?

ஐந்தாம் நாள் தண்ணீரும் தீர்ந்தது. சிறுநீரைக் குடித்தார். கேமராவை ஆன் பண்ணி வீட்டாரிடம் விடைபெற்றார். சுவரில் தன் பெயரையும், பிறந்த தேதியையும், இறக்கப்போகிற தேதியையும் தானே செதுக்கினார். ராத்திரி தாண்டாது என்றே நினைத்தார். அந்தக் குளிரில், மயக்கத்தில் ஒரு காட்சி. ஒரு சின்னப் பையன். அவனைத் தூக்கிக்கொள்கிற ஓர் ஆள். அந்த ஆளுக்கு வலது கை இல்லை.

விடிந்தது. மே 1. சிக்கின கை அழுக ஆரம்பித்திருந்தது. வெறுப்பில், ஆத்திரத்தில் உடம்பை முறுக்கி இழுத்தபோது கையின் எலும்பு வளைவது தெரிந்தது. அந்த வினாடியில்தான் விடை. எலும்பை எதற்கு அறுக்க வேண்டும்? ஒடிக்கலாமே! பாறை கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. உடம்பைத் திருப்பினால் போதும், நெம்புகோல் கணக்கு. ஐந்து நாளாகக் கொல்லப் பார்த்த பாறையே கடைசியில் பிடிகருவி ஆனது.

முதலில் ஓர் எலும்பு. அப்புறம் இன்னொன்று. மேலே இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு அங்குல மொக்கைக் கத்தியால் சதையை... (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.) தசைநார்களுக்குக் கத்தி ஒத்துவரவில்லை, இடுக்கி. மொத்தம் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதோடு முடிந்ததா? வண்டி நிற்கிற இடத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். நடுவில் இருபது மீட்டர் செங்குத்துச் சுவர். ஒற்றைக் கையால் கயிற்றில் இறங்கினார். நண்பகல் வெயிலில் நடந்தார். வழியில் ஹாலந்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு குடும்பம் எதிர்ப்பட்டு, தண்ணீரும் பிஸ்கெட்டும் கொடுத்தது. சற்று நேரத்தில் ஹெலிகாப்டர். அது தற்செயலாக வந்த ஹெலிகாப்டர் இல்லை. பிள்ளை வேலைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் அம்மா சும்மா இருக்கவில்லை. மகனின் ஈமெயிலுக்குள் எப்படியோ நுழைந்து, போலீஸை நச்சரித்து, தேடலை முடுக்கிவிட்டிருந்தார். அது இல்லாமல் போயிருந்தால், ரத்தம் கால்வாசி போய், பதினெட்டு கிலோ இளைத்திருந்த அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்?

பின்னால் அந்தக் கையை எடுக்க பதின்மூன்று ஆட்களும், வின்ச்சும், ஹைட்ராலிக் ஜாக்கியும் தேவைப்பட்டன. தகனம் செய்து, சாம்பலை அதே இடத்தில் தூவினார் ரால்ஸ்டன். 2010-ல் டேனி பாயில் இதைப் '127 ஹவர்ஸ்' என்று படமெடுத்தார். இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான், ஆஸ்காருக்கு இரண்டு பரிந்துரை வாங்கித் தந்த படம். அதன் ஆரம்பத்தில் ஒரு காட்சி: கிளம்புகிற அவசரத்தில் ஹீரோ அலமாரியில் கையை விட்டுத் துழாவுவார். நல்ல சுவிஸ் கத்தி அங்கேயே இருக்கும், விரலுக்கு எட்டாது. தியேட்டரில் 'உச்' கொட்டினார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த சுவிஸ் கத்தி கிடைத்திருந்தாலும் எலும்பை ஒடிக்கலாம் என்கிற யோசனை வந்தே ஆக வேண்டும். கத்தி மாறினால் அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மாறாக ஒரு துண்டுக் காகிதத்தில் 'புளூஜான் கேன்யன், ஞாயிறு ராத்திரி வருவேன்' என்று எழுதி வைத்திருந்தால், தேடுகிறவர்கள் நேராக அங்கேயே போயிருப்பார்கள். கை பிழைத்திருக்குமோ என்னவோ, ஐந்து ராத்திரி தனியாகக் கிடந்திருக்க வேண்டாம்.

கத்தியே இல்லாமல் பிழைத்த ஒரு பெண்ணைப் பார்க்கலாமா?

ஜூலியான் கோப்கே. 17 வயசு. 1971 டிசம்பர் 24, பெரு நாட்டில் லீமாவிலிருந்து அம்மாவோடு விமானம் ஏறினாள். மின்னல் தாக்கி, விமானம் நடுவானில் சிதறியது. ஸீட்டோடு பெல்ட் போட்டபடி சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தாள். விமானத்தில் இருந்த 92 பேரில் பிழைத்தது இவள் ஒருத்தி. காறை எலும்பு முறிவு, கையில் ஆழமான காயம், மூக்குக் கண்ணாடி காணோம், காலில் ஒரே ஒரு செருப்பு. உடம்பில் குட்டை கவுன். சாப்பிட ஒரு பை மிட்டாய். கத்தி? ஊசிகூடக் கிடையாது.

ஆனால் அவளிடம் வேறு ஒன்று இருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேருமே விலங்கியல் விஞ்ஞானிகள். அந்தக் காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் வைத்துக் குடியிருந்தவர்கள். அப்பா சொல்லியிருந்தார்: வழி தவறினால் தண்ணீரைக் கண்டுபிடி, அது ஓடுகிற திசையில் போ. ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனுஷர்கள் இருப்பார்கள். சின்ன ஓடை ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். கண் சரியாகத் தெரியாததால், செருப்பு போட்ட காலை முன்னால் வைத்து, பாம்பு இருக்கிறதா என்று சோதித்தபடி நடந்தாள். ஒரு நாள் ஹோட்சின் என்கிற பறவையின் குரல் கேட்டது. நமக்கென்றால் ஏதோ பட்சி கத்துகிறது. அவளுக்குத் தெரியும், அது திறந்த நீர்ப்பரப்பை ஒட்டிக் கூடு கட்டும் ஜாதி என்று. பெரிய ஆறு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்!

பத்தாம் நாள் வாக்கில் ஆற்றங்கரையில் ஒரு படகு, பக்கத்தில் ஒரு குடிசை. கைக் காயத்தில் புழு நெளிந்துகொண்டிருந்தது. முன்பு வீட்டு நாய்க்குப் புழு வைத்தபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றினது ஞாபகம் வந்தது. அங்கே இருந்த பெட்ரோலை ஊற்றி, முப்பது புழுக்களுக்கு மேல் வெளியே எடுத்தாள். படகை எடுத்துக்கொண்டு போய்விடலாமே? எடுக்கவில்லை. திருட்டு ஆகிவிடுமாம்! குடிசையிலேயே படுத்திருந்தாள். மரம் வெட்டுகிறவர்கள் வந்து பார்த்துக் காப்பாற்றினார்கள். பதினொரு நாள். அம்மா பிழைக்கவில்லை. பிற்பாடு கோப்கே தானும் விலங்கியல் படித்து, வௌவால் ஆராய்ச்சி செய்து, அதே காட்டு நிலையத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

2023-ல் கொலம்பியாவில் இதற்கும் மேல். மே 1, சின்ன விமானம் ஒன்று அமேசான் காட்டில் விழுந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் காலி, அதில் ஒருவர் அம்மா. மிஞ்சியது நான்கு குழந்தைகள்: 13, 9, 4 வயசு, அப்புறம் பதினொரு மாசக் கைக்குழந்தை. விட்டோட்டோ பழங்குடிப் பிள்ளைகள். விமானத்திலிருந்த மரவள்ளிக் கிழங்கு மாவை மூட்டையாக எடுத்துக்கொண்டார்கள். அது தீர்ந்ததும் காட்டு விதை, பழம். எது தின்னலாம், எது ஆகாது என்று அந்தப் பதிமூன்று வயசுப் பெண்ணுக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தாள். தேடப் போனவர்களுக்கு வழியில் கிடைத்த தடயங்களில் ஒரு கத்தரிக்கோல் உண்டு, பால் புட்டி உண்டு, தலைமுடி கட்டுகிற ரப்பர் பேண்ட் உண்டு. ராம்போ கத்தி கிடையாது. ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்து பாட்டியின் குரலையே ஒலிபெருக்கியில் போட்டது, 'இருக்கிற இடத்தில் இருங்கள்' என்று, அவர்கள் பாஷையில். ராணுவமும் பழங்குடித் தேடல்காரர்களும் சேர்ந்து நாற்பதாம் நாள் கண்டுபிடித்தார்கள். நான்கு பேரும் உயிரோடு! கைக்குழந்தைக்கு முதல் பிறந்தநாள் காட்டிலேயே கழிந்திருந்தது.

எதிர்க் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 1992 ஏப்ரலில் அலாஸ்கா காட்டுக்குள் போன கிறிஸ் மெக்கேண்ட்லெஸ். 24 வயசு, படித்தவர், தைரியசாலி. கையில் துப்பாக்கியே இருந்தது. நாலரை கிலோ அரிசியும் இருந்தது. ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டும் விட்டார். கறியைக் கெடாமல் காயவைக்கத் தெரியவில்லை, அவ்வளவும் புழுத்துப்போனது. திரும்பி வரும்போது ஆற்றில் வெள்ளம். கடக்க முடியாது என்று மறுபடி உள்ளே போனார். நடக்கிற தூரத்தில் ஆற்றின் குறுக்கே கம்பியில் ஓடும் கூடை ஒன்று இருந்தது. விவரமான வரைபடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கோடையில், கைவிடப்பட்ட ஒரு பழைய பஸ்ஸுக்குள் இறந்து கிடந்தார். அந்த பஸ்ஸைப் பார்க்கப் போய் அதே ஆற்றில் பலர் மாட்டிக்கொள்ள, 2020-ல் ஹெலிகாப்டர் வைத்து அதையே தூக்கிப்போனார்கள்.

இப்போது நம்மைப் பற்றி. வழி தவறியதும் நம் கால் என்ன செய்யும்? வேகமாக நடக்கும்! 2009-ல் ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை ஒரு காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரைக்கும் ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் வட்டமடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மனசில் 'நேராகத்தான் போகிறேன்' என்ற முழு நம்பிக்கை! அதனால்தான் பயிற்சி கொடுக்கிறவர்கள் முதலில் சொல்வது: நில். அப்புறம் உட்கார். மூச்சு சீராகட்டும். யோசி, சுற்றிப் பார், அதற்கப்புறம்தான் திட்டம். கத்தியை உருவுகிற கட்டம் ரொம்பப் பின்னால் வருகிறது.

இன்னொரு கணக்கும் சொல்வார்கள், மூன்றுகளின் கணக்கு. காற்றில்லாமல் மூன்று நிமிஷம், கடுங்குளிரில் மறைப்பில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீரில்லாமல் மூன்று நாள், சோறில்லாமல் மூன்று வாரம். துல்லியமான விஞ்ஞானம் இல்லை, வரிசை தெரிய ஒரு வாய்ப்பாடு. நாம் காட்டில் மாட்டினால் முதலில் எதைத் தேடுவோம்? டிபன்! வரிசையில் அதுதான் கடைசி. கத்திக்கு உண்மையான வேலையும் இந்த வரிசையில்தான் வருகிறது: மறைப்புக்குக் குச்சி வெட்ட, மழையில் நனைந்த விறகின் உள்ளே இருக்கிற காய்ந்த பாகத்தைச் சீவி எடுக்க, துணியைக் கிழித்துக் கட்டுப்போட. புலியோடு சண்டை போட இல்லை. டி.வி.யில் பார்த்துவிட்டுக் கத்தியைக் கம்பில் கட்டி ஈட்டி செய்கிறவர்கள் உண்டு. இருப்பது ஒரே கத்தி, அதையும் எறிந்துவிட்டு அப்புறம் புதரில் தேடுவானேன்?

ரஜினி சார் 2020 ஜனவரியில் பந்திப்பூர் காட்டில் பியர் கிரில்ஸோடு நடந்தாரே என்று கேட்பீர்கள். அவரோடு அனுமதி இருந்தது, படப்பிடிப்புக் குழு இருந்தது. நீங்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சரணாலயத்துக்குள் போனால் வரவேற்பே வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது என்கிறது. 'சர்வைவலுக்கு ஸார்' என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பாருங்கள்.

நம் மலைகளில் ஆபத்து வேறு உருவத்தில்தான் வரும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து பலர் மாண்டார்கள். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். அங்கே எந்த நாட்டுக் கத்தியாலும் ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை, முன்பதிவு, வழிகாட்டி சகிதம் ஆரம்பித்தது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள்.

போகிற சனிக்கிழமை பையில் என்ன வைக்கலாம்? தண்ணீர், டார்ச், மழைக்கோட்டு, தீப்பெட்டியை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கழுத்தில் ஒரு விசில். தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் கட்டாது. மூன்று மூன்றாக ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். வழிகாட்டியோடு நடக்கும்போது போனில் சிக்னல் தேடாமல், அந்தப் பையன் எங்கே பார்க்கிறான், எந்தத் தடத்தைப் பார்த்து நிற்கிறான், எந்தக் காயைத் தொடாதே என்கிறான் என்று கவனியுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வான். கிளம்புமுன் ஃபிரிட்ஜ் மேல் ஒரு சீட்டு: எந்த மலை, யாரோடு, எப்போது வருவேன்.

அம்மா படிப்பாள். படித்துவிட்டு, 'அந்தக் கத்தியை வெச்சுட்டுப் போடா, தேங்காய்க்கு வேணும்' என்பாள். வைத்துவிட்டுப் போங்கள்.